உச்சிவெயில் கோலம்

உச்சிவெயிலில் கோலம் போடச் சொன்ன மனிதர் இந்த உலகத்திலேயே எங்கள் பாவா ஒருவராகத்தான் இருப்பார். காலையில் போட்ட கோலத்தை எறும்பு தின்று, மாடு மிதித்து, காற்று கலைத்து முடித்த நேரம். "வெயிலு இப்பதான் பதமா கீது, குந்தும்மா" என்று அக்காவை வாசலில் உட்கார வைத்தார். எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "இன்னாடி இது, சூரியனுக்கே வழி காட்டுறீங்களா?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பாவா என்றால் எங்கள் அத்தை மகன். அரக்கோணத்தில் ரயில்வே குமாஸ்தா, கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். வீட்டில் அவர் கேமராவை எடுத்தால் அவர் மனைவி கரண்டியை எடுப்பாளாம். அதனால் ஞாயிற்றுக்கிழமையானால் ரயிலேறித் திருத்தணிக்கு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். எங்கள் நைனாவுக்கு மலையடிவாரத்தில், படிக்கட்டு ஆரம்பிக்கிற இடத்தில், தேங்காய் கற்பூரக் கடை. படமெடுக்க ஆள் வேண்டுமென்றால் அங்கே பஞ்சமே இல்லை. மொட்டை, காவடி, மயில், குரங்கு எல்லாம் உண்டு. குரங்கு என்றதும் ஞாபகம் வருகிறது, ஒரு குரங்கு பாவாவின் கேமரா மூடியைப் பிடுங்கிக்கொண்டு போய் மரத்தில் உட்கார்ந்து கடித்துப் பார்த்தது. ருசிக்கவில்லை போல, திருப்பி எறிந்துவிட்டது. பாவா அதற்குக் கும்பிடு போட்டார்.

சண்டை முடிந்து வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஊருக்குக் கிளம்பிய சமயம் அது. அவர்களில் ஒருவனிடம் பாவா அந்தக் கேமராவை வாங்கினார். கூடவே அவன் ஒரு டப்பா பிலிமும் கொடுத்தான். கலர் பிலிம். கலர் என்றால் பின்னால் ஸ்டூடியோக்காரர்கள் கன்னத்தில் சிவப்புச் சாயம் பூசித் தருவார்களே, அதில்லை. பிலிமே பச்சையைப் பச்சையாகவும் மஞ்சளை மஞ்சளாகவும் பிடித்துக்கொள்ளும். காகிதத்தில் படம் வராது. அந்தத் துண்டு பிலிமையே அட்டையில் சொருகித் தருவார்கள், வானத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்க்க வேண்டும். நம் ஊரில் அதைக் கழுவ ஆளில்லை. கப்பலேறிச் சீமைக்குப் போய்த் திரும்ப வேண்டும். மொத்தம் பதினெட்டுப் படம், ஒன்று தப்பினாலும் தப்பியதுதான்.

பாவா விடுவாரா? டப்பாவுக்குள் ஒரு துண்டுக் காகிதம் இருந்தது. அதில் சூரியன், பாதி சூரியன், மேகம் என்று படம் போட்டு, எந்த வெயிலுக்கு எப்படி எடுப்பது என்று பக்கத்தில் எழுதியிருந்தது. எனக்கு எழுத்து அப்போதும் தெரியாது, இப்போதும் தெரியாது, ஆனால் அந்தச் சூரியனை இன்றைக்கும் வரைந்து காட்டுவேன். ஆடிக் கிருத்திகை அன்று காவடிக்காரர்கள் மஞ்சள் வேட்டியோடு ஆடிக்கொண்டு வர, இவர் வானத்தையும் காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு படியிலேயே நின்றார். "மேகம் விலகட்டும், மேகம் விலகட்டும்" என்றார். மேகம் விலகியபோது காவடி மலையேறிவிட்டது. ஆனாலும் அடுத்த காவடிக்கு ஓடினார். அந்தப் பிலிமுக்கு வெயில் ஏகத்துக்கு வேண்டும், எதிரில் இருப்பவர் ஆடக்கூடாது. திருத்தணியில் கிருத்திகையன்று ஆடாதவர் யார்?

இப்படி எடுத்து எடுத்து, தை மாசத்தில் ஒரே ஒரு படம் மிச்சம் இருந்தது. அதற்குத்தான் அந்தக் கோலம்.

இந்த இடத்தில் அக்காவின் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்காவுக்குப் பதினேழு வயசு, பீச்சாங்கைக்காரி. ஆரம்பம் முதல் கரண்டி, துடைப்பம், கோலமாவு எல்லாம் இடது கையில்தான். திருவாலங்காட்டிலிருந்து பெண் பார்க்க வந்தவர்களுக்கு, யோசனையில்லாமல் இடது கையால் மோர் நீட்டிவிட்டாள். அவர்கள் அந்த மோரைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள். அன்றிலிருந்து அம்மா அவள் இடது மணிக்கட்டில் ஒரு துணிக்கிழிசலைக் கட்டி விட்டாள், மறந்துபோய் அந்தக் கை நீண்டால் ஞாபகம் வரட்டும் என்று. வெளியாருக்கு விஷயம் போகக்கூடாது என்று எனக்கும் கண்டிப்பான உத்தரவு.

படம் எடுத்த அன்று அம்மா கடையில் இருந்தாள். அக்கா மிளகாய்ப்பழச் சிவப்புப் பாவாடையும் கிளிப்பச்சைத் தாவணியும் கட்டி, வலது கையால் கோலம் இழுத்தாள். பாவா செங்கல் அடுக்கி அதன்மேல் கேமராவை வைத்துக் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"இன்னாம்மா, காக்கா நடந்தாப்ல கீது."

அக்கா கொஞ்ச நேரம் கோலத்தைப் பார்த்தாள். பிறகு பல்லால் கடித்து அந்தத் துணியை அவிழ்த்தாள். கோலத்தைத் துடைத்துவிட்டு மாவை இடது கையில் எடுத்தாள். கோடு அப்படியே எண்ணெய் ஊற்றுகிற மாதிரி இறங்கியது.

"அந்தக் கையிலயா?" என்றார் பாவா.

"ஆங், இந்தக் கையிலதான். எடு பாவா."

ஒரு நிமிஷம் சும்மா இருக்கத் தெரியாதவள், அன்று கேமராவை நேராகப் பார்த்துக்கொண்டு கல் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

மாம்பழக் காலத்தில் சீமையிலிருந்து படப்பெட்டி வந்தது. பதினேழு படம் பாழ். காவடியெல்லாம் ஆவி மாதிரி இருந்தது. சந்தனம் பூசிய மொட்டைத்தலை வேகவைத்த முட்டையாகியிருந்தது. நிழலில் எடுத்த நைனாவின் கடை ஒரே இருட்டு. கடைசிப் படம் மட்டும், அதை என்னவென்று சொல்ல, அந்தச் சின்ன அட்டைக்குள் எங்கள் வாசல் அப்படியே இருந்தது. சாணத்து மேல் பூசணிப்பூ மஞ்சள், ஓரத்தில் செம்மண், பச்சைத் தாவணி. பாவா அழுதுவிட்டார்.

பெரியவர்களின் கட்டைவிரல் படத்தில் படும் என்று அதைப் பிடிக்கும் வேலையை எனக்குக் கொடுத்தார். நேர்ப்பக்கம் தெரியட்டும் என்று அட்டையின் மூலையில் ஒரு குங்குமப் பொட்டு வைத்தார். பொட்டு என் இடது கட்டைவிரலுக்குக் கீழே இருந்தால் நேர். திருப்பினால் கண்ணாடியில் தெரிகிற மாதிரி எல்லாம் பக்கம் மாறிவிடும். நான்தான் திருப்பிப் பார்த்துவிட்டு, "அக்காக்கு சோத்தாங்கை வந்துட்ச்சி" என்று கத்தினேன். நைனா அதைக் காதில் வாங்கிக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு மணவூரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் பெரியம்மா வைத்ததுதான் அந்த வீட்டில் சட்டம். அக்கா துணி கட்டிய ஞாபகத்தோடு வலது கையாலேயே காப்பி கொடுத்து, வெற்றிலை வைத்து, தப்பில்லாமல் உள்ளே போனாள். அம்மாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அந்தம்மா வெற்றிலையை மடித்துக்கொண்டே, "கலர் படம் வந்துகீதாமே, தெருவுல பேசிக்கினாங்க. காட்றது" என்றாள். அம்மா நைனாவைப் பார்த்தாள். பாவா அதற்குள் பெட்டியைத் திறந்துவிட்டார். நைனா என் காதருகே குனிந்து, "பொட்டு அந்தாண்ட போவட்டும்" என்றார்.

நான் அப்படியே திருப்பிப் பிடித்தேன். அந்தம்மா பாவாவின் பூதக்கண்ணாடியை வாங்கி ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். "ஐயே, எம்மாம் பச்ச" என்றாள். நைனா சிரித்தார். கண்ணாடி கொஞ்சம் நகர்ந்தது.

"ஏங்க, பொண்ணு இன்னா தாவணிய சோத்தாங்கைப் பக்கம் போட்டுகினு கீது?"

தாவணியை மாற்றிப் போடுவது சாவு வீட்டில்கூட நடக்காத காரியம். நைனா, "அது இன்னான்னா, சீமையில கழுவினது, அவுங்க வயக்கம் அப்டி" என்று என்னவோ சொன்னார். "சீமையில தாவணி கட்றாங்களா?" என்றாள் அந்தம்மா.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என் அக்காவையா இப்படிச் சொல்வது? நைனாவைப் பார்த்தேன், அவர் தரையைப் பார்த்தார். அப்போது உள்கதவுக்குப் பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது, அதட்டாமல், நிதானமாக.

"திருப்பிக் காட்டுடி."

காட்டினேன். தாவணி இடது தோளுக்கு ஒழுங்காக வந்து சேர்ந்தது. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். அந்தம்மா மறுபடி பார்த்தாள், வெகுநேரம் பார்த்தாள்.

"கோலம் பீச்சாங்கையில போடுதே."

பாவா மட்டும், "அத்த உடுங்க, அந்தப் பூவப் பாருங்க, மஞ்ச அப்டியே நிக்குது பாருங்க" என்றார்.

"பொண்ணு லட்சணமாத்தான் கீது," என்று எழுந்தாள் அந்தம்மா. "எங்க ஊட்ல சாமிக்குப் படைக்கப் போற கையாச்சே. யோசிச்சி சொல்லி அனுப்புறோம்." அவர்கள் போனதும் அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். நைனா பாவாவோடு பேசாமல் கடைக்குப் போய்விட்டார்.

நான் பின்கட்டுக்கு ஓடினேன். அக்கா கிணற்றடியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, தாவணியை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, தாவணிக்குள்ளிருந்து க்ளுக் க்ளுக்கென்று விம்மல் வேறு. பாவம், தாவணியைச் சரியாகக் காட்டுகிற அவசரத்தில் கை விஷயத்தை மறந்துபோய்த் தானே தன் கல்யாணத்தைக் கெடுத்துக்கொண்டாளே என்று எனக்கும் அழுகை வந்துவிட்டது. எப்படியாவது இதைச் சரிசெய்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

"அழுவாதக்கா. நாளிக்கே நான் ரயிலேறி மணவூர் போறேன். நீ சோத்தாங்கைக்காரிதான், படந்தான் தப்புன்னு அந்தம்மா கைல சொல்லிட்டு வரேன்."

குலுங்கல் சட்டென்று நின்றது. அக்கா திரும்பி, என் மணிக்கட்டை வலிக்கிற மாதிரி பிடித்தாள்.

"போனே, கால ஒடிச்சிடுவேன்."

இத்தனை துக்கத்திலும் தங்கச்சி தனியாக ரயிலேற வேண்டாம் என்று நினைக்கிறாளே, எப்பேர்ப்பட்ட மனசு என்று நினைத்துக்கொண்டு, நான் இன்னும் கொஞ்சம் அழுதேன்.