ட்வீடிக்கு ஒரு கரண்டிகூடக் கிடையாது

ஸ்காட்லாந்தின் க்ளென்பாரியில், பௌலிங் கிளப்பின் சமையலறை செங்கா மக்கிண்டோவின் ஆட்சிக்கு வந்து ஒரு தலைமுறை ஆகிறது. புல்தரையில் பந்து உருட்டிவிட்டு நடுங்கிக்கொண்டு வரும் ஆண்களுக்குப் பருப்பு சூப்பும் மட்டன் பேஸ்ட்ரியும் போடுவது அவள் வேலை. வியாழக்கிழமை மட்டும் கதவு ஊருக்கே திறந்திருக்கும். முதியோரைப் பார்த்துக்கொள்ள ஜிம்பாப்வேயிலிருந்து வந்த பெண்களும் அன்று அங்கே சாப்பிடுவார்கள். அவர்களில் டென்டாய் என்பவள்தான் செங்காவின் புருஷனைக் கடைசி மாதங்களில் குளிப்பாட்டிவிட்டவள்.

இந்த நேரத்தில் கவுன்சிலர் ஒருவர் விலக, இடைத்தேர்தல் வந்தது. கூடவே புதுக் கட்சி ஒன்றும் வந்தது. ஊர் அதற்கு வைத்த பெயர் படகுக் கட்சி. எதைக் கேட்டாலும் கடல் தாண்டிப் படகில் வந்து இறங்குகிற அகதிகளைப் பற்றியே அது பேசும். க்ளென்பாரிக்குக் கடல் கிடையாது; இருக்கிற கால்வாயில் சூப்பர்மார்க்கெட் தள்ளுவண்டிகள் மூழ்கிக் கிடக்கின்றன. ஆனால் பஸ்ஸை நிறுத்தியது நிஜம், நீச்சல்குளத்தை மூடியதும் நிஜம். செங்காவுக்கும் அந்தக் கோபம் உண்டு. கோபத்தை வாங்க வந்த ஆளைத்தான் பிடிக்கவில்லை. கார்டன் ட்வீடி, ஜன்னல் வியாபாரி, படகுக் கட்சியின் வேட்பாளர். வியாழக்கிழமைச் சாப்பாட்டை ‘நம்மவர்களுக்கு மட்டும்’ ஆக்குவேன் என்று வீடுவீடாகச் சொல்லிவிட்டுப் போனவர்.

வேட்பாளர்கள் ஏழு பேர். அங்கே முத்திரை குத்துவதில்லை. பிடித்த வரிசையில் ஒன்று, இரண்டு என்று நம்பர் போட வேண்டும். கடைசியில் இருப்பவர் கழிக்கப்பட்டால் அவருடைய ஓட்டுகள் அடுத்த நம்பருக்குப் போகும். குமட்டல் வரும்வரை போட்டுக்கொண்டே போ என்பார்கள். செங்கா ஆறு பேருக்குப் போட்டாள். ஏழாவதாக மிஞ்சியது ட்வீடி. குமட்டியது, பென்சிலை வைத்துவிட்டாள்.

முதல் சுற்றில் ட்வீடிதான் முன்னால். கடைசிச் சுற்றில், விரல்விட்டு எண்ணக்கூடிய ஓட்டுகளில், கேட்ரியோனா லாக்கி என்ற டீச்சரிடம் தோற்றார். அதோடு எல்லோரும் ஜெயித்துவிட்டார்கள். லாக்கியின் கட்சி மக்கள் தீர்ப்பு என்றது. ட்வீடி தார்மீக வெற்றி என்றார். ஆறாவதாக வந்தவர்கூட அடித்தளம் பலமாக விழுந்திருக்கிறது என்று அறிக்கை விட்டார்.

மறுநாள் மதியம் கிளப் செயலாளர் ஹெக்டர் பர்டி சமையலறைக்கு வந்தார். தார்மீக வெற்றிக்குச் சனிக்கிழமை விருந்தாம், நாற்பது பேஸ்ட்ரி வேண்டுமாம். செங்கா முடியாது என்றாள். அப்படியானால் சமையலறையை விட்டுவிட வேண்டியிருக்கும் என்றார் அவர். அந்தப் பேச்சு அப்படியே பாருக்குள் நகர்ந்தது. அங்கே அவள் தம்பி ட்ரூ, ஓட்டைத் திருடிவிட்டார்கள் என்று மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தான். ஆயுளில் அவன் முதல்முதலாகப் போட்ட கவுன்சில் ஓட்டு அது.

“நானே ட்வீடிக்கு ஏழு போட்டேன்க்கா. அதெல்லாம் எங்க போச்சு?”

“எத்தனைடா போட்ட?”

“ஏழு. முழு மார்க்கு. அந்த டீச்சரம்மாவுக்கு ஒண்ணுதான், ஒழியட்டும்னு.”

பந்தாட்டத்தில் அதிகப் புள்ளி எடுத்தவன்தானே ஜெயிப்பான்? ட்ரூ அந்தக் கணக்கிலேயே ஓட்டுச்சீட்டையும் நிரப்பியிருக்கிறான். ஜன்னலோர மேஜையில் இன்னும் நாலைந்து பேர் பீர் கிளாஸுக்குள் முகத்தைப் புதைத்தார்கள்.

“அப்ப லாக்கியை உக்கார வச்சது நீங்கதானாடா?” என்றாள் செங்கா. “ஒரு நன்றி சொல்லக்கூட அவ இந்தப் பக்கம் வரலையே.”

சீட்டின் தலையிலேயே எழுதியிருந்ததே என்றார் ஹெக்டர். கண்ணாடி எடுத்துப் போகவில்லை என்றான் ட்ரூ. பார் சிரித்தது. விவரமானவளாக இருந்தால் அந்தச் சிரிப்போடு உள்ளே போயிருப்பாள். செங்கா போகவில்லை.

“ட்வீடி வரட்டும், குடிக்கட்டும். பாரு உங்களுது. என் புருஷனைக் கழுவிவிட்டவளை வாசல்ல நிறுத்தணும்னு சொன்ன ஆளுக்கு என் கையால ஒரு கரண்டி சூப் கிடையாது. ஓட்டுக்கு வேணா விடு, ஹெக்டர்.”

திங்கட்கிழமை கிளப் கூட்டத்தில் விட்டார், சமையலறை இனி அவளிடம் இருக்கலாமா என்று. கைதூக்குவதில் யாருக்கும் குழப்பம் வரவில்லை. ட்ரூவின் கை தவிர எல்லாக் கையும் அவளுக்கு எதிராக. தோற்றதைக்கூட மறந்திருப்பார்கள், பார் சிரித்ததை மறக்க முடியவில்லை.

வியாழக்கிழமை நல்ல மழை. கிளப்புக்கு நேர் எதிரே, கார் நிறுத்துமிடத்தில், தார்ப்பாய்க்குக் கீழே பெரிய பானை கொதித்தது. டென்டாய் ரொட்டி நறுக்கிக்கொண்டிருந்தாள். ட்ரூ கேஸ் சிலிண்டரைச் சுமந்துவந்து இறக்கினான்.

“சொல்லிட்டேன்க்கா. அடுத்த தடவையும் என் ஓட்டு ட்வீடிக்குத்தான்.”

“தாராளமாப் போடு. இப்பத் தட்டை எடுத்துக் குடு.”

ஹெக்டர் குடை பிடித்துச் சாலையைத் தாண்டி வந்தார். வாசலுக்கு எதிரில் இப்படிச் செய்தால் கிளப்புக்கு அசிங்கம், பானையை வேறெங்காவது கொண்டுபோ என்றார். செங்கா அவர் பேசி முடிக்கும்வரை கேட்டாள். பிறகு அவரைச் சற்றுத் தள்ளி நிற்கச் சொன்னாள். அவர் குடையிலிருந்து தண்ணீர் சூப்பில் சொட்டிக்கொண்டிருந்தது.