மூன்று நிமிடத்தில் இன்னொருத்தி

தாம்பரத்தில் பேருந்து ஏறியபோது காலை ஏழு மணி. மாசி மாதத்துப் பனி இன்னும் முழுதாக விலகியிருக்கவில்லை. செங்கல்பட்டில் இறங்கி உத்திரமேரூர் வண்டிக்கு மாற வேண்டும். அங்கிருந்து ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். தோள்பையில் ஒரு ட்ரைபாட், இரண்டு சார்ஜர், மாற்றுத்துணி ஒன்று. கோயில் குளம் பார்க்கப் போகிறவளுக்கு இவை தேவைப்படாது. நான் போனது ஒரு வீடியோவில் இருந்த ஆளைத் தேடி.

என் தொழில் வீடியோ வெட்டி ஒட்டுவது. ஒரு நிமிடத்துக்குள் முடிந்துகொண்டிருந்த குறும்வீடியோக்களை மூன்று நிமிடம் வரை நீட்டலாம் என்று ஆனதிலிருந்து எனக்கு வேலை அதிகம். நீட்டுவது பெரிய காரியமில்லை. பார்க்கிறவரைக் கடைசிவரை உட்கார வைப்பதுதான் பாடு. எந்த நொடியில் எத்தனை பேர் கட்டைவிரலால் தள்ளிவிட்டுப் போனார்கள் என்பது ஒரு கோடாக வரும். எல்லா வீடியோவிலும் அந்தக் கோடு மலைச்சரிவு மாதிரி கீழே இறங்கும். சிலவற்றில் மெதுவாக, பலவற்றில் தலைகீழாக.

குமுதாவின் வீடியோக்களும் அப்படித்தான் இறங்கிக்கொண்டிருந்தன. திருப்புலிவனத்துக்கு உள்ளே தள்ளி இருக்கும் ஒரு சிறிய ஊரில் கணவரோடு விவசாயம் செய்கிறவள். சமையல், நடவு, மாடு என்று ஒரு நிமிட வீடியோ போட்டால் நன்றாக ஓடும். மூன்று நிமிடம் போட்டால் முப்பதாவது நொடியிலேயே கூட்டம் கலைந்துவிடும். "இன்னா பண்ணாலும் நிக்க மாட்டறாங்கக்கா," என்று போனில் அழாத குறையாகச் சொல்வாள். நானும் தெரிந்த வித்தைகளையெல்லாம் சொல்லிக்கொடுத்தேன். முதல் மூச்சிலேயே ஒரு கேள்வியைப் போடு, பதிலைக் கடைசிக்குத் தள்ளு, நடுவில் ஒருமுறை திடுக்கிட வை. ஒன்றும் பலிக்கவில்லை.

பிறகு ஒருநாள் வெட்டாத வீடியோ ஒன்றைத் தவறுதலாக ஏற்றிவிட்டாள். மோட்டார் ரூம் கூரைமேல் போனை நிறுத்திவிட்டு, மடை திருப்புவதற்காக வரப்பில் நடந்து போகிறாள். அவ்வளவுதான். பேச்சில்லை, பாட்டில்லை. போகிறாள், சின்னப் புள்ளியாகிறாள், மண்வெட்டியால் கொத்துகிறாள், திரும்பி வருகிறாள். ஏறக்குறைய மூன்று நிமிடம்.

அந்தக் கோடு இறங்கவே இல்லை. கடைசியில் சற்று மேலேறவும் செய்திருந்தது. அப்படியென்றால் பின்னால் தள்ளித் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள் என்று அர்த்தம். கருத்துகளைப் படித்த பிறகுதான் எனக்குக் காரணம் தெரிந்தது. 'அக்கா திரும்பிப் பார்க்காதீங்க.' 'பின்னாடி வர்றது யாரு?' 'ரெண்டு பேரும் ஒரே ஆளா?'

பெரிய திரையில் போட்டுப் பார்த்தேன். குமுதாவுக்குப் பின்னால், நல்ல இடைவெளி விட்டு, இன்னொருத்தி நடக்கிறாள். அதே மயில்கழுத்து நிறச் சேலை, அதே மஞ்சள் கரை. முந்தானையைத் தலைக்கு மேல் போட்டிருப்பதால் முகம் தெரியவில்லை. குமுதா நின்றால் நிற்கிறாள். ஓரிடத்தில் வரப்பை விட்டு விலகி, கோரை மண்டிய பக்கம் போய் நின்று, ஒரு கையை மட்டும் நீட்டுகிறாள். குமுதா திரும்பி வரும்போது அங்கே யாருமில்லை.

பாலாற்றுப் பாலத்தைப் பேருந்து கடக்கும்போது அதை மறுபடியும் ஒருமுறை பார்த்தேன். பக்கத்து இருக்கையில் பூக்கூடையோடு இருந்த அம்மா என் போனை எட்டிப் பார்த்துவிட்டு, "இத்தயா? என் மருமவ காட்டுச்சு. பகல்லயே வருதாம்," என்று முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்கு எதிரில் இட்லி வடை நாற்பது ரூபாய். சாம்பாரில் முருங்கைக்காய் தாராளம். திருப்புலிவனம் காஞ்சிபுரம் சாலையில் மூன்று நான்கு கிலோமீட்டர்தான். ஆனால் உள்ளே போக வேண்டும் என்றதும் ஆட்டோக்காரர் நூற்றைம்பது கேட்டார்.

"பேய் வீடியோ வூட்டுக்கா?" என்றார் வண்டியைக் கிளப்பிக்கொண்டே.

"குமுதா வீட்டுக்கு."

"அதான். முந்தாநேத்து கூட காஞ்சிவரத்துலேந்து பைக்ல வந்தானுங்க. அந்தப் பொம்பள ரொம்ப பேஜார் ஆயிடுச்சு. கயனிக்கே தனியா போறதில்லியாம்."

இரண்டு பக்கமும் அறுவடை முடிந்த நிலங்கள். வைக்கோல் கட்டுகள் அங்கங்கே உருண்டு கிடந்தன. வெயில் ஏற ஏற, தூரத்துப் பனைகளின் அடிப்பகுதி நீரில் நிற்பதுபோல் அலைந்தது. ஆள் நடமாட்டமே இல்லாத வரப்புகளில் என் கண் தானாக யாரையோ தேடிக்கொண்டிருந்தது.

குமுதாவுக்கு முப்பது வயது இருக்கலாம். வீடியோவில் இருப்பதைவிட மெலிந்திருந்தாள். அவள் கணவர் ஏழுமலை வாசலில் மண்வெட்டிக்குக் காம்பு போட்டுக்கொண்டிருந்தார். "வாங்க மா," என்று சொன்னதோடு சரி. தலையை நிமிர்த்தவில்லை.

"சத்தியமா எனக்குப் பின்னாடி யாரும் வரலக்கா," என்றாள் குமுதா. "அந்தப் பொடவ பொங்கலுக்கு இவரு எடுத்துக் குடுத்தது. அதே பொடவைய அது எப்படிக்கா கட்டிக்கினு வரும்? எனக்கு எதுனா ஆவப்போவுதா?"

"அடுத்த பாகம் போடுங்கன்னு எல்லாரும் கேட்கிறாங்களே, என்ன செய்யப்போறே?"

"போடணும்னுதான் ஆச. நாலு லட்சம் பேரு பாத்துகீறாங்க. இவ்ளோ நாள்ல ஒரு தபா கூட இப்டி ஆனதில்ல. ஆனா தனியா போவ பயமா கீது. அதான் உன்ன வரச் சொன்னேன்."

மோட்டாருக்கு மின்சாரம் வருவது உச்சிவேளையில். நாங்கள் கிளம்பும்போது ஏழுமலை, "இன்னிக்கு நானே போயி மட திருப்பறேன். நீங்க வூட்லயே இருங்க," என்றார். குமுதா கேட்கவில்லை. அதே சேலையைக் கட்டிக்கொண்டாள். வீடியோ எடுக்கும் தொழிலில் அதற்கு 'தொடர்ச்சி' என்று பெயர். நானும் தடுக்கவில்லை.

மோட்டார் ரூம் கூரைமேல் இந்தமுறை போனை நிறுத்தவில்லை. ஏணி வைத்து நானே ஏறி உட்கார்ந்தேன். தகரம் தகித்தது. குமுதா ஒருமுறை என்னைப் பார்த்துவிட்டு வரப்பில் நடக்கத் தொடங்கினாள். கீழே மோட்டார் இரைச்சல், தொட்டியில் தண்ணீர் கொட்டும் ஓசை. வேறு எதுவும் கேட்காது. தொண்டை கிழியக் கத்தினால்தான் அவளுக்குக் கேட்கும் என்று அப்போதுதான் உறைத்தது.

அவள் பாதித் தூரம் போகும்வரை ஒன்றுமில்லை. பிறகு திரையின் இடது ஓரத்தில், பனைகளுக்கு நடுவிலிருந்து, மயில்கழுத்து நிறம் அசைந்தது.

போனை விட்டுக் கண்ணை எடுத்து வெறும் கண்ணால் பார்த்தேன். இருந்தாள். குமுதாவின் நடைதான், சற்றுச் சாய்ந்த நடை. குமுதா குனிந்து காலில் குத்திய முள்ளை எடுத்தாள். பின்னால் வந்தவள் நின்றாள். குமுதா நடந்தாள். அவளும் நடந்தாள். அந்த நேரத்தில் நான் குமுதாவுக்காகப் பயந்திருக்க வேண்டும். ஆனால் என் கை தானாக ஜூம் செய்துகொண்டிருந்தது. அவள் சட்டகத்தை விட்டு வெளியே போய்விடக் கூடாது என்பதுதான் என் மனதில் ஓடியது.

கோரைப் பக்கம் ஒதுங்கி அந்தப் பெண் கையை நீட்டியபோதுதான் எனக்கு உணர்வு வந்தது. "குமுதா!" என்று கத்த வாயெடுத்தேன்.

"கூப்புடாதீங்க மா."

ஏணியில் பாதி ஏறி, கூரை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார் ஏழுமலை. எப்போது வந்தார் என்று தெரியவில்லை.

"கூப்ட்டா போய்டும். அப்றம் வராது."

"யாருங்க அது?"

"எங்க அக்கா."

அங்கேயே, ஏணியில் நின்றபடியே சொன்னார். அக்காவின் பெயர் அஞ்சலை. பனந்தோப்புக்கு அந்தப் பக்கத்து ஊரில் கட்டிக்கொடுத்தது. அக்கா மகள் பள்ளிக்கூட விடுமுறைக்கு இங்கே வந்திருந்தபோது, கன்றுக்குட்டியைத் துரத்திக்கொண்டு ஓடி, அந்தக் கோரைக்குள் இருக்கும் தரைக்கிணற்றில் விழுந்து இறந்துபோனது. சுற்றுச்சுவர் கிடையாது. அப்பா வெட்டிய கிணறு. போர் போட்ட பிறகு யாரும் அதை எட்டிப் பார்ப்பதில்லை. மூடிவிடு என்று அக்கா காலில் விழாத குறையாகக் கேட்டாள். கிணற்றை மூடினால் வம்சத்துக்கு ஆகாது என்று பெரியவர்கள் சொன்னார்கள். இவர் பேசாமல் இருந்துவிட்டார். அன்றிலிருந்து அக்கா இந்த வீட்டுப் படி மிதிக்கவில்லை, தம்பியோடு ஒரு வார்த்தை பேசவில்லை. குமுதா கல்யாணமாகி வந்ததெல்லாம் அதற்குப் பிறகு. அவள் நாத்தனாரின் முகத்தைச் சரியாகப் பார்த்ததுகூட இல்லை.

"இவ மட திருப்ப ஆரம்பிச்சதுலேந்து அக்கா வருது. அந்தக் கெணத்து விளிம்புல கைய நீட்டிக்கினு நிக்கும். இவ தாண்டிப் போய்ட்டா கோரைல ஒக்காந்துக்கும். பத்திரமா திரும்பி வந்து சேர்ற வரைக்கும் போவாது. நான் ஒரு நாளு மாடு தேடிக்கினு வந்தப்ப பாத்தேன். பாத்தா மாதிரி காட்டிக்கல. சொன்னா இவ போயி கூப்ட்டுடுவான்னு இவகிட்டயும் சொல்லல."

"சேலை?"

"வருசா வருசம் பொங்கலுக்கு ரெண்டு எடுப்பேன். ஒண்ண ஆள் மூலமா அனுப்புவேன். திருப்பி அனுப்பனதில்ல. கட்டுதுன்னு அந்த வீடியோ பாத்துதான் தெரிஞ்சிக்கினேன். இங்க வர்றப்பல்லாம் அதயேதான் கட்டும்போல."

குமுதா திரும்பி வந்ததும் போனைக் கொடுத்தேன். ஏழுமலை சொன்னதையும் சொன்னேன். அவள் படத்தை முழுதாகப் பார்க்கவில்லை. போனை என் கையில் திணித்துவிட்டு வந்த வழியே ஓடினாள். நாங்களும் பின்னால் போனோம். கோரையை விலக்கியபோது, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த அஞ்சலை எழுந்து போகப் பார்த்தார். குமுதா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் அந்தக் கிணற்றைப் பார்த்தேன். என் காலுக்கு இரண்டடி தள்ளி. புல்லும் கோரையும் விளிம்புவரை வளர்ந்து உள்பக்கமாகச் சாய்ந்திருந்தன. கருப்பாக ஒரு வாய். கீழே எங்கோ தண்ணீர் மினுங்கியது. குமுதா தினமும் நடக்கும் வரப்பு அதை உரசிக்கொண்டுதான் போகிறது. மழையில் ஓரம் சரிந்து, மண் அடுக்கடுக்காக வாய் பிளந்திருந்தது. உள்ளிருந்து ஒரு குளிர்ந்த காற்று மட்டும் வந்துகொண்டிருந்தது, சேற்று வாடையோடு.

"என்னக் கூப்ட்டிருக்கலாம் இல்ல, அண்ணி," என்றாள் குமுதா.

"கூப்ட்டா நீ திரும்புவ. திரும்புனா கால் வயுக்கும்." அஞ்சலையின் குரல் நெடுநாள் பேசாதவரின் குரல்போல் கரகரத்தது. தம்பியின் பக்கம் அவர் பார்க்கவே இல்லை.

குமுதா வீடியோவைப் பற்றிச் சொன்னாள். அஞ்சலைக்கு அது தெரியாது. போனை வாங்கி, வெயிலுக்குக் கையால் மறைத்து, கடைசிவரை பார்த்தார். தன்னையே பார்ப்பதுபோல் இல்லை அவர் பார்வை.

"இத்த எத்தினி பேரு பாத்தாங்க?"

"நாலு லட்சம் அண்ணி."

"அத்தினி பேரும் பாத்துக்கினே இருந்தாங்களா?"

"ம்."

"அத்தினி பேருல ஒருத்தர் கூட, அங்க ஒரு கெணறு கீதுன்னு சொல்லலியா?"

குமுதா என்னைப் பார்த்தாள். நான் கிணற்றைப் பார்த்தேன். ஏழுமலை அங்கேயே வரப்பில் உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு எழுந்து, யாரிடமும் சொல்லாமல், கருவேல முள்ளை வெட்டி இழுத்துவந்து கிணற்றைச் சுற்றிப் போட ஆரம்பித்தார். அஞ்சலை அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். போகவில்லை.

வெயில் தாழ்ந்த பிறகு அங்கேயே ஒரு வீடியோ எடுத்தோம். மூன்று நிமிடம். குமுதாதான் கேட்டாள். அஞ்சலை பேச மறுத்துவிட்டார், பக்கத்தில் நிற்க மட்டும் ஒப்புக்கொண்டார். 'நீங்க பாத்தது பேய் இல்ல, எங்க நாத்தனாரு. இங்க ஒரு பாழுங்கெணறு கீது. உங்க ஊர்லயும் இருந்தா மூடுங்க.' நான் எந்த வித்தையும் சேர்க்கவில்லை. முதல் மூச்சிலேயே பதிலைச் சொல்லிவிட்டோம்.

மாலை ஐந்தரைக்கு உத்திரமேரூரில் செங்கல்பட்டு வண்டி. ஏழுமலை தன் பைக்கில் கொண்டுவந்து விட்டார். "நாளைக்கு டிராக்டர் சொல்லிகீறேன் மா," என்றார்.

அந்த வீடியோ ஓடவில்லை. பத்தாவது நொடியில் பாதிப்பேர் போய்விட்டார்கள். முடிவுவரை இருந்தவர்கள் ஒரு கல்யாண மண்டபத்தை நிரப்பும் அளவுக்குக்கூட இல்லை. 'பேய் எங்கே, ஏமாத்திட்டீங்க' என்று எழுதியிருந்தார்கள். பழைய வீடியோவைக் குமுதாவே நீக்கிவிட்டாள்.

கிணற்றை மூடி ஒரு வாரம் கழித்துப் போன் செய்தாள். "மண்ணு கொட்டி மேல வரைக்கும் சமமா ஆக்கியாச்சுக்கா. கோரையும் அறுத்தாச்சு. அண்ணி இன்னும் வருது. இப்ப ஒளியறதில்ல, எங்கூட பேசிக்கினேதான் நடக்குது. ஆனா அந்த எடம் வந்தா நின்னுடும். நான் தாண்டற வரைக்கும் கைய நீட்டிக்கினே நிக்கிது. நெரவுன மண்ணுதான அண்ணின்னா, நீ போன்னுது. எனக்கும் அங்க கால் வெக்க வர்ல. சுத்திக்கினுதான் போறேன்."

எங்கள் தெருவில் பாதாளச் சாக்கடை மூடி உடைந்தால், விடிவதற்குள் யாரோ ஒருவர் வேப்பங்கொம்பு ஒன்றை ஒடித்து அதில் நட்டுவிடுவார். தாம்பரத்தில் இத்தனை வருடம் இருக்கிறேன். கொம்பைக் கண்டால் வண்டியை ஒடித்து, விலகிப் போய்க்கொண்டிருக்கிறேன். நட்டது யார் என்று ஒருநாளும் கேட்டதில்லை.