அறுநூறு மில்லி டப்பா

வீடு மாற்றிக் கொடுக்கும் கம்பெனியில் சாமான் அடுக்குகிறவர்கள் எட்டுப் பேர் இருந்தார்கள். அதில் ஒருவரை மட்டும்தான் அடுக்கண்ணன் என்று கூப்பிட்டார்கள். மற்ற ஏழு பேருக்கும் இதில் வருத்தம் உண்டு. ஆனால் வாயைத் திறக்க முடியாது. இரண்டு லாரி வேண்டும் என்று மேனேஜர் எழுதிக்கொண்டு வந்த வீட்டை ஒரே லாரியில் ஏற்றிவிட்டு, கதவைச் சாத்துமுன் இன்னும் ஒரு சைக்கிள் இருந்தால் கொடுங்கள் என்று கேட்கிற ஆள் அவர். பீரோவுக்குள் தலையணை, தலையணைகளுக்கு நடுவே கண்ணாடி ஜாடி, ஜாடிக்குள் கரண்டிகள், கரண்டிகளுக்கு இடையில் மடித்த கைக்குட்டை. வண்டி எந்தப் பள்ளத்தில் இறங்கி ஏறினாலும் உள்ளேயிருந்து ஒரு சத்தம் வரக்கூடாது. வந்தால் எங்கோ இடைவெளி விட்டிருக்கிறார் என்று அர்த்தம். அப்படி ஒரு அவமானம் இருபது வருடத்தில் அவருக்கு நேர்ந்ததில்லை.

நாற்பத்தாறு வயதில் அவருடைய எடை தொண்ணூற்றெட்டு கிலோ. அதைப் பற்றி அவர் கவலைப்பட்டதும் இல்லை. பீரோ தூக்குகிறவன் பூஞ்சையாக இருந்தால் பீரோவே சிரிக்கும் என்பார். கவலை வந்தது தங்கையால்தான்.

தங்கைக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யாமல் போய் ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம், டயாலிசிஸ் படுக்கை. அண்ணனுடைய சிறுநீரகம் பொருந்தும் என்று பரிசோதனையில் தெரிந்ததும் வீட்டில் எல்லோருக்கும் போன உயிர் வந்தது. டாக்டர் மட்டும் பிடி கொடுக்கவில்லை. இந்த எடையில் உங்கள் மேல் கத்தி வைக்க மாட்டேன், நாலு மாதத்தில் எண்பத்தெட்டுக்கு வாருங்கள் என்றார். வராவிட்டால் தங்கையின் பெயர் காத்திருப்போர் பட்டியலில்தான் இருக்கும், அங்கே எத்தனை வருடம் ஆகும் என்று தன்னாலேயே சொல்ல முடியாது என்றும் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் உணவுக்கென்று இருந்த டயட்டீஷியன் அம்மாள் ஒரு வழி சொன்னாள். ஜப்பானில் மதியச் சாப்பாடு கொண்டுபோகிற பென்டோ டப்பா ஒன்று வாங்க வேண்டும். அறுநூறு மில்லி அளவு. பாதி சோறு, மற்ற பாதியில் பெரும்பங்கு காய்கறி, மிச்சத்தில் முட்டையோ மீனோ. மதியமும் இரவும் அது மட்டும்தான். கணக்குப் பார்க்க வேண்டாம், நிறுத்துப் பார்க்க வேண்டாம், மூடியை மூட முடிந்தால் போதும், டப்பாவே அளவு பார்த்துக்கொள்ளும் என்றாள். பாவம், டப்பா யார் கையில் போகிறது என்று அவளுக்கு எப்படித் தெரியும்!

தங்கையே கடைக்குப் போய் வாங்கி வந்தாள். வெளியே கறுப்பு, உள்ளே சிவப்பு, நடுவில் எடுத்து மாட்டுகிற ஒரு தடுப்பு, மூடியைப் பிடித்துக்கொள்ள அகலமான ரப்பர் பட்டை. கட்டித் தருகிறேன் என்று வந்த மனைவியை, அடுக்குகிற வேலையை எனக்கா சொல்லித் தருகிறாய் என்று அடுக்கண்ணன் அனுப்பிவிட்டார். தினமும் காலையில் வேலைக்குப் போகுமுன் சமையல் மேடை முன்னால் கால் மணி நேரம் நின்று அதைக் கட்டினார்.

ஆள் ஒழுங்காகத்தான் இருந்தார். டீயில் சர்க்கரையை விட்டார். கூட்டாளிகள் ஹோட்டலுக்குப் போனால் லாரியின் பின்பக்கத்தில் தனியாக உட்கார்ந்து டப்பாவைத் திறந்தார். சாமான் இறங்கிய வீட்டுக்காரர்கள் கேக் கொடுத்தால் கையெடுத்துக் கும்பிட்டார். முதல் மாதம் தராசு தொண்ணூற்றேழரை காட்டியது. இரண்டாவது மாதமும் அதே தொண்ணூற்றேழரை. டாக்டர் தராசைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், எழுதிக்கொண்டார்.

பேச்சு கிளம்பிவிட்டது. மனைவி அவர் கழற்றிப் போட்ட சட்டையை மோந்து பார்த்தாள். டிரைவருக்குப் போன் போட்டு விசாரித்தாள். ஒரு பிஸ்கட்டைக்கூடத் தொட்டுப் பார்த்ததில்லை என்று டிரைவர் சத்தியம் செய்தும் அவள் நம்பவில்லை. கூட்டாளி கூட்டாளிக்குத்தானே பேசுவான் என்றாள். மைத்துனன் இன்னும் ஒரு படி மேலே போனான். மாமாவுக்கு ஆபரேஷன் என்றால் பயம், வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் எடையைக் குறைக்காமல் இழுக்கிறார் என்று நாலு பேரிடம் சொன்னான். அது சுற்றிச் சுற்றித் தங்கையின் காதுக்கும் போனது.

அடுக்கண்ணனுக்குப் பயம் இல்லாமல் இல்லை. ஊசி என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர் அவர். ஆனால் அந்தப் பயத்தோடுதான் ஒவ்வொரு நாளும் டப்பாவைக் கட்டிக்கொண்டிருந்தார்.

மூன்றாவது மாதத்தின் முதல் வாரத்தில் தங்கை வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு வேலை வந்தது. மதியம் டப்பாவோடு அங்கே போனார். அவளுக்கு அன்று டயாலிசிஸ் இல்லை. முகம் லேசாக வீங்கியிருந்தது. மேஜையில் கோடு போட்ட ஒரு பாட்டில் இருந்தது. ஒரு நாளைக்கு அவள் குடிக்கலாம் என்று விட்டிருந்த தண்ணீர் அவ்வளவுதான். மதியம் வரை அதில் வாய் வைக்கக்கூடாது என்பது அவளாகப் போட்டுக்கொண்ட சட்டம்.

அவர் உட்காருவதற்குள் அவள் சொல்லிவிட்டாள்.

"அண்ணா, பயமா இருந்தா சொல்லிடுங்க. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன். நிஜமா."

அடுக்கண்ணனுக்குச் சுருக்கென்று தைத்தது. ஊரே பேசியபோது வராத கோபம் அப்போது வந்தது. டப்பாவை அவள் முன்னால் நகர்த்தி வைத்தார்.

"இதுக்கு மேல ஒரு பருக்கை தொட்டிருந்தா என்னன்னு கேளு."

தங்கை ரப்பர் பட்டையை எடுத்து மூடியைத் திறந்தாள். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. பாதி சோறு, பாதி காயும் மீனும், டயட்டீஷியன் அம்மாள் சொன்னபடியே. ஒரு ஸ்பூனை எடுத்துச் சோற்றில் குத்தினாள். ஸ்பூன் இறங்கவில்லை. இன்னும் அழுத்தினாள். செங்கல் மாதிரி ஒரு துண்டு பெயர்ந்து வந்தது.

அவள் ஒரு தட்டை எடுத்து டப்பாவைக் கவிழ்த்துத் தட்டினாள். விழுந்ததை ஸ்பூனால் உதிர்த்தாள். உதிர உதிரச் சோறு எழும்பிக்கொண்டே வந்தது. தட்டு நிறைந்ததும் இன்னொரு தட்டை எடுத்தாள். மீன் துண்டுகளுக்கு அடியில் ஒரு வரிசை முட்டை, முட்டைக்கு அடியில் மறுபடியும் சோறு, துண்டுக்கும் துண்டுக்கும் நடுவில் இருந்த சந்துகளில் வறுத்த வேர்க்கடலை. அசையாமல் இருக்கத்தான் கடலை வைத்தேன் என்று அடுக்கண்ணன் விளக்கினார். பாதி சொல்லும்போதே அவருக்குக் குரல் இறங்கிவிட்டது.

தங்கை சிரித்தாள். ஒன்றரை வருடத்தில் அவள் அப்படிச் சிரித்து அவர் பார்க்கவில்லை. கண்ணில் நீர் வருகிற அளவுக்குச் சிரித்துவிட்டு, காலி டப்பாவைக் கொண்டுபோய்க் கழுவித் துடைத்தாள். தடுப்பை எடுத்துவிட்டு மேஜையில் வைத்து, பாட்டிலைத் திறந்து அதில் சாய்த்தாள். கடைசிச் சொட்டு வரை ஊற்றியதும் டப்பா விளிம்பு வரை நின்றது.

"பாத்தீங்களா, எனக்கும் இதே அறுநூறுதான். ஆனா தண்ணிய அமுக்க முடியாதுண்ணா."

பிறகு டப்பாவின் மூலையைப் பாட்டில் வாயில் வைத்து மெல்லத் திருப்பி ஊற்றினாள். மேஜையில் நாலு சொட்டு சிந்தியது. அதை விரலால் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டாள். அடுக்கண்ணன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று அவர் அந்த இரண்டு தட்டிலும் கை வைக்கவில்லை.

மறுநாளிலிருந்து தங்கை சொன்னபடி நடந்தது. சோற்றை டப்பாவில் போட்ட பிறகு கரண்டி அதைத் தொடக்கூடாது. விழுந்தது விழுந்தபடி கிடக்க வேண்டும். சந்து இருந்தால் இருக்கட்டும். கேட்க எளிதாக இருக்கும், ஆனால் இருபது வருடப் பழக்கம் கையைச் சும்மா விடுமா? முதல் வாரம் மனைவி பக்கத்தில் நின்று கரண்டியைப் பிடுங்க வேண்டியிருந்தது. லாரி பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் அவர் மடியில் டப்பா கடகடவென்று ஆடியது. காய் ஒரு பக்கமும் முட்டை ஒரு பக்கமும் போய் மோதின. டிரைவர் ஒரு நாள் ஓரக்கண்ணால் பார்த்து, என்னண்ணே, சரக்கு சத்தம் போடுது என்றார். அடுக்கண்ணன் காது சிவந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பசியைக்கூடப் பொறுத்துக்கொண்டார். அந்தச் சத்தத்தைத்தான் பொறுக்க முடியவில்லை.

ஆனால் தராசு இறங்கியது. மூன்றாவது மாத முடிவில் தொண்ணூற்று மூன்று. பெல்ட்டில் புதிதாக ஒரு ஓட்டை, பிறகு இன்னொன்று. நாலாவது மாதக் கடைசி நாள் டாக்டர் முன்னால் தராசில் ஏறும்போது பர்ஸ், சாவிக்கொத்து, செருப்பு, பெல்ட் எல்லாவற்றையும் கழற்றி மனைவியிடம் கொடுத்தார். மூக்குக் கண்ணாடியையும் கொடுத்துவிட்டதால் எண் தெரியவில்லை. எண்பத்தேழு எழுநூறு என்று மனைவிதான் படித்தாள். படித்துவிட்டு அழுதாள். சட்டையை மோந்து பார்த்தது நினைவுக்கு வந்திருக்கும்.

ஆபரேஷன் முடிந்த இரண்டாம் நாள் அடுக்கண்ணன் கண்ணைத் திறந்து படுத்திருந்தார். இருமினால் இடுப்பு வலியில் உயிர் போனது. தங்கையைத் தனி அறையில் வைத்திருந்தார்கள், போய்ப் பார்க்க முடியாது. அந்தப் பக்கமிருந்து வந்த நர்ஸ் அவருடைய சலைன் பாட்டிலை மாற்றிக்கொண்டே, தங்கைக்குச் சிறுநீர் நன்றாகப் போகிறது, இனி நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்றாள்.

"உங்க தங்கச்சி உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாங்க. எனக்குப் புரியல. இனிமே ஒரு நாளைக்கு அஞ்சு டப்பாவாம்."

அடுக்கண்ணன் கூரையைப் பார்த்தபடி மனதுக்குள் கணக்குப் போட்டார். மூன்று லிட்டர். தையல் வலிக்க வலிக்க அழுகை வந்தது. நர்ஸ் பதறிப்போய் வலிக்குதா என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டிவிட்டு, அவளிடம் ஒன்று மட்டும் கேட்டார்.

"விளிம்பு வரைக்கும் ஊத்தித்தானே?"