பதினோரு முறை அடக்கமான பெண்

போன வாரம் மாமா பேத்திக்குத் திருப்பதியில் மொட்டை. ரூம் பார்க்கிற பொறுப்பு என் தலையில். போனில் தேடிக்கொண்டே போனதில், எங்கோ கடைசியில் மலையடிவார லாட்ஜ் ஒன்றின் விளம்பரம் இப்படி அகப்பட்டது: "அலிபிரி அருகே லாட்ஜ் தேடுகிறீர்களா? அலிபிரி அருகே உள்ள எங்கள் அலிபிரி லாட்ஜ்தான் அலிபிரியின் சிறந்த லாட்ஜ்." வாய்விட்டுச் சிரித்தேன். நம்ம தொழில்காரன் ஒருவன் இன்னும் பிழைத்திருக்கிறான்!

என் முதல் வேலை அதுதான். திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மொட்டைத் தலைக்குப் பூசுகிற சந்தனம் விற்கும் கடைக்கு மேலே எங்கள் ஆபீஸ். இன்றைக்கும் சந்தன வாசனை வந்தால் எனக்குப் பக்தி வராது. ஒரே வார்த்தையை இருபது தடவை டைப் அடிக்கத் தோன்றும்.

உள்ளூர் லாட்ஜுகளுக்கும், கண்ணால் பார்த்திராத அமெரிக்க ஊர்களின் பல் டாக்டர்களுக்கும் நாங்கள் இணையப் பக்கம் எழுதினோம். ஜனங்கள் எந்த வார்த்தையைத் தேடுவார்களோ அது கீவேர்டு. அதைத் தூவத் தூவ, தேடுபொறி நம்மைத் தூக்கி முதலில் வைக்கும் என்பது எங்கள் வேதம். சித்தூர்க்கார முதலாளி எட்டிப் பார்த்துவிட்டு, "சாலதுப்பா, இன்னும் நாலு எடத்துல போடு" என்பார். அவருக்கு எதுவுமே போதாது. மிச்சத்தை வெள்ளைப் பக்கத்தில் வெள்ளை எழுத்தாக ஒளித்து வைப்போம்; படிக்கிறவர் கண்ணுக்குப் படாது, தேடுபொறிக்குப் படும்.

அந்தக் கர்வத்தில்தான் தங்கை கோமதிக்கு வரன் தேட, கல்யாண வெப்சைட்டில் நானே எழுதிப் போட்டேன். அடக்கமான குடும்பத்து அடக்கமான பெண், அடக்கமாகப் பேசுவாள், அடக்கமாக உடுத்துவாள்... அவளுக்கு வயது ஏறிக்கொண்டிருந்தது, நைனாவுக்குத் தூக்கம் போய்விட்டிருந்தது. கைகூடி வந்த திருத்தணி இடத்திலிருந்து மாப்பிள்ளையின் அம்மா போன் செய்தார்.

"பொண்ணு அடக்கம், அடக்கம்னு பதினோரு வாட்டி எழுதிக்கீறீங்களே, இன்னா விசயம்?"

சம்பந்தம் அதோடு போயிற்று. நைனா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. கோமதி பேசினாள், தெருவுக்கே கேட்கும்படி. "ஏண்ணா, நான் இன்னா லாட்ஜா?"

அவளே உட்கார்ந்து எல்லாவற்றையும் அழித்துவிட்டு இரண்டே வரி எழுதினாள்: "ஸ்கூலில் கணக்கு டீச்சர். கோபம் வரும்." அதைப் படித்துச் சிரித்த சத்தியவேடு பையன் ஒருவன் கட்டிக்கொண்டு அமெரிக்கா கூட்டிப் போய்விட்டான். கொஞ்ச நாளில் தேடுபொறிக்கும் அந்தத் திருத்தணி அம்மாவின் புத்தி வந்தது. திரும்பத் திரும்பச் சொன்ன பக்கங்களையெல்லாம் பின்னால் தள்ளிவிட்டது. எங்கள் ஆபீசும் மூடிற்று. கீழே சந்தனக் கடை மட்டும் நன்றாக நடந்தது.

லாட்ஜ் சமாசாரத்தைச் சொல்லிச் சிரிக்கலாமே என்று ஞாயிற்றுக்கிழமை கோமதியைக் கூப்பிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

"நல்லா கீறேண்ணா. இங்க எல்லாம் நல்லா கீது. அவரும் நல்லாப் பாத்துக்கிறாரு. நெஜமா, நல்லாத்தான் கீறேன்."

பழைய தொழில் புத்தி, எத்தனை 'நல்லா' என்று எண்ணிக்கொண்டே இருந்தேன். வேண்டுமென்றே சீண்டிப் பார்த்தேன்: "போட்டோல ஆனைக்குட்டி மாதிரி கீறியே." முன்பென்றால் போனே வெடித்திருக்கும்.

"பரவால்லண்ணா. நல்லா கீறேன்."

அந்தக் கோபம் எங்கே போயிற்று? பக்கத்தில் நைனா காதருகே கையைக் குவித்துக்கொண்டு காத்திருந்தார்.

"இன்னா சொல்றா?"

"நல்லா கீறாளாம்" என்றேன், ஒரே ஒரு தடவை.