டிரெய்லருக்கு அடியில் கிடந்த நிழல்

நிறுத்தி வைத்த டிரெய்லருக்கு அடியில் யாராவது உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் எனக்கு இன்றும் பயம். உடனே வாயில் கெட்ட வார்த்தைதான் வரும். பயந்தவனுக்கு வேறென்ன வரும்?

மார்க்கையன்கோட்டைப் பக்கம் ஒரு களம். தேங்காய் நார்த்தூளை அழுத்திக் கட்டியாக்கி, கண்டெய்னரில் தூத்துக்குடிக்கு அனுப்புவார்கள். பாதிச் சரக்கு ஏறிய டிரெய்லரை அங்கேயே கழற்றிவிட்டு, இன்ஜின் உள்ள முன்வண்டியை மட்டும் எடுத்துக்கொண்டு நான் வேறு லோடுக்குப் போக வேண்டும். வழக்கமாக நிறுத்தும் சிமெண்டுத் தரையில் அன்றைக்குக் கட்டிகளை அடுக்கியிருந்தார்கள்.

"அங்கன வரப்போரமா விட்டுட்டுப் போப்பா. ரோலரு போட்ட தரை, கல்லு மாதிரி இருக்கும்" என்றார் மேஸ்திரி.

மிதித்துப் பார்த்தேன். கல் மாதிரிதான் இருந்தது. பிரேக்கைப் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தேன். முன்னால் இருக்கும் இரண்டு இரும்புக் கால்களையும் பலகை வைத்து இறக்கினேன். முன்வண்டி போனபின் டிரெய்லரின் முன்பாரம் முழுவதும் அந்தக் கால்களில்தான் நிற்கும். காற்றுக் குழாயையும் ஒயரையும் கழற்றினேன். இரண்டையும் இணைக்கும் பூட்டை இழுத்துவிட்டு, ஏறி உட்கார்ந்து வண்டியை மெதுவாக முன்னால் எடுத்தேன்.

பூட்டு விலகியதும் நிறுத்திவிடுவேன். என் வண்டியின் சட்டம் டிரெய்லரின் மூக்குக்கு அடியில் இருக்கும்போதே இறங்கி, கால்கள் தாங்குகின்றனவா என்று பார்ப்பேன். அதைக் கண்டாலே மேஸ்திரிக்கு ஆகாது.

"என்னய்யா இறங்கி இறங்கிப் பாக்குற? பொண்ணு பாக்கவா வந்திருக்க?"

நான் குனிந்து பார்த்தேன். கால்களுக்குப் பக்கத்தில் நான்கு பெண்கள் சோற்றைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தார்கள். நான் வண்டியில் ஏறிய நேரத்தில் நுழைந்திருக்கிறார்கள். மரமே இல்லாத களம். உச்சி வெயிலில் எந்த வண்டி நின்றாலும் அதுதான் அவர்களுக்கு நிழல்.

"என்னண்ணே, நிழலுக்கும் வாடகை கேக்கப் போறியா?" என்றாள் ஒருத்தி. மற்றவர்கள் சிரித்தார்கள்.

நான் இடது காலைப் பார்த்தேன். அடியில் வைத்த பலகையைக் காணவில்லை; மண்ணுக்குள் இறங்கியிருந்தது. அது இருந்த இடத்தில் கறுப்பாகத் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது.

"வெளிய வாங்க! எந்திரிங்க!"

"இந்தா, இன்னும் நாலு வாய்தாண்ணே."

வண்டியைப் பின்னால் எடுத்து முட்டுக் கொடுக்கலாமா என்று தோன்றியது. ஆட்களை அடியில் வைத்துக்கொண்டு எப்படி எடுப்பது? ஓர் இடி இடித்தால் மொத்தமும் சரியும். அப்புறம்தான் வாயைத் திறந்தேன். அவர்கள் பிறந்த ஊரிலிருந்து ஆரம்பித்து என்னென்ன திட்டினேனோ, நால்வரும் அடித்துப் பிடித்து வெளியே வந்தார்கள்.

வந்தவர்களில் மூத்தவள் தூக்குச்சட்டியை எடுக்க மறுபடியும் குனிந்து உள்ளே போனாள். கையைப் பிடித்து இழுத்தேன்.

"ஏலே, விடுறா கைய! பேரன் எடுத்தவ கையப் பிடிச்சா இழுக்குற?"

அவள் சொல்லி முடிக்கவில்லை. டிரெய்லரின் மூக்கு என் வண்டிச் சட்டத்தின்மேல் தடாரென்று விழுந்தது. மண் அதிர்ந்தது. கண்டெய்னர் இடது பக்கம் சாய்ந்து அப்படியே நின்றது. வளைந்த காலுக்கு அடியில் தூக்குச்சட்டி தட்டையாகக் கிடந்தது. சுற்றிலும் கருவாட்டுக் குழம்பு.

அந்தக் கிழவி தரையில் உட்கார்ந்துவிட்டாள். நசுங்கிய சட்டியைப் பார்த்தபடி சொன்னாள்.

"இங்கன பூரா நாங்க கொட்டுன தூளுதானய்யா. பெரிய கெடங்கா கெடந்துச்சு. தூளைக் கொட்டி நெரப்பி, மேல செம்மண்ணு போட்டாக. எல்லாத்துக்கும் தெரியுமே."

மேஸ்திரியைப் பார்த்தேன்.

"தெரியும்தான். காஞ்சு கெடந்தா ஒண்ணும் ஆகாது. வரப்புக்கு அங்கிட்டு வயலுக்குத் தண்ணி பாச்சுனத யாரு நெனச்சா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் குடித்து ஊறும் என்று சொல்லித்தான் அந்தத் தூளைக் கப்பலில் ஏற்றி விற்கிறார்கள். அதையே வரப்போரத்தில் புதைத்து, அதன் தலையில் இத்தனை டன்னை நிறுத்தச் சொல்கிறார்கள். களத்தில் அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது. எனக்குச் சொல்லத்தான் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இந்தப் பெண்கள் உட்கார நிழல் போடாமல் இனி இங்கே டிரெய்லரைக் கழற்ற மாட்டேன் என்று கத்திவிட்டு வந்தேன். அடுத்த தடவை போனபோது நான்கு சவுக்குக் கம்பு நட்டுப் பச்சை வலை கட்டியிருந்தார்கள். அதற்கடுத்த தடவை கம்புகள் மட்டும் நின்றன. கட்டிகள் நனையாமல் மூட ஏதோ படுதாவோடு சேர்த்து வலையையும் அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார்கள். நான்கு பெண்களும் சோற்றுப் பாத்திரத்தோடு என் வண்டியைப் பார்த்தபடி நின்றார்கள். கிழவியின் கையில் புதுச் சட்டி.

"என்னய்யா, கழட்டலையா?" என்று மேஸ்திரி கத்தினார்.

இந்த முறை வண்டி நின்றது சிமெண்டுத் தரைதான். இருந்தாலும் என் கை பூட்டுப் பக்கம் போகவில்லை. முன்வண்டியைக் கழற்றாமலே இன்ஜினை அணைத்து, பிரேக் போட்டு, சாவியைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

"வந்து தின்னுங்கத்தா. சீக்கிரம் தின்னு தொலைங்க."

கடைசிப் பாத்திரம் மூடும் வரை நான் டிரெய்லரின் கால் பக்கத்திலேயே நின்றேன்.