சித்திரைப் பௌர்ணமியில் ஒரு மீல்ஸ்

எங்கள் வீட்டு அடுப்பு மேடையில் வாய் நசுங்கிய எவர்சில்வர் டம்ளர் ஒன்று இருக்கிறது. அதில் யாரும் தண்ணீர் குடிப்பதில்லை. குடித்தால் உதட்டில் குத்தும். ஆனாலும் பழைய சாமான்காரரிடம் போட எனக்கும் மனம் வராது, என் மகளுக்கும் வராது. மெஸ் அக்கா சென்னைக்கு மகன் வீட்டோடு போனபோது, "இத நீயே வச்சுக்கோ" என்று கொடுத்துவிட்டுப் போனது.

மெஸ் அக்கா என்றால்தான் தெருவில் அவரைத் தெரியும். கிரிவலப் பாதையை ஒட்டி நாலு மேசை போட்ட மெஸ். அவர் குரல் மட்டும் அதற்குள் அடங்காது. கூட்டு கம்மியாகிவிட்டால் கேட்டவரையே திட்டுவார். திட்டிவிட்டுத் தன் பங்கை எடுத்து அவர் இலையில் வைப்பார்.

நான் அன்றும் இன்றும் செங்கம் ரோட்டில் ஒரு விடுதியின் வரவேற்பு மேசையில் இருக்கிறேன். குளிர்காலம் முடிந்ததும் வெளிநாட்டுக்காரர்கள் கிளம்பிவிடுவார்கள். கோடை வந்தால் பாதி அறைகளுக்குப் பூட்டு, எங்களுக்குப் பாதிச் சம்பளம். பள்ளிக்கூடமும் அப்போதுதான் மூடும். மற்ற நாளில் மகளுக்கு மதியச் சாப்பாடு பள்ளியிலேயே ஆகிவிடும். விடுமுறையில் அதுவும் இல்லை. "லாட்ஜிலயே சாப்ட்டாச்சு" என்று அவளிடம் சொல்லிச் சொல்லி அந்தப் பொய் எனக்கு நன்றாகப் பழகியிருந்தது.

இந்த ஊரில் சோற்றுக்கா பஞ்சம் என்று கேட்பீர்கள். உண்மைதான், எந்தப் பக்கம் திரும்பினாலும் அன்னதானம். ஆனால் புருஷன் விட்டுப்போனவளின் பிள்ளை தட்டோடு வரிசையில் நின்றால் தெரு என்ன பேசும் என்று எனக்குத் தெரியும். நிற்கவே கூடாது என்று மகளைக் கண்டித்து வைத்திருந்தேன். திமிர் பிடித்தவள் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளுங்கள், எனக்கொன்றும் இல்லை.

மகள் நாலாம் வகுப்பு முடித்த கோடையில் எங்கள் வார்டுப் பிள்ளைகளுக்கு நகராட்சியிலிருந்து செல்போனில் சாப்பாட்டுக் கூப்பன் வர ஆரம்பித்தது. தினமும் காலையில் கட்டம் கட்டமாக ஒரு படம் வரும். அதை மெஸ்ஸில் காட்டினால் போதும். என் பழைய போனை மகளிடம் கொடுத்திருந்தேன். அக்கா தன் போனை அதன்மேல் பிடிப்பார், 'டிங்' என்று சத்தம் வரும். உடனே உள்ளே திரும்பி, "ஒரு மீல்ஸ்" என்று குரல் கொடுப்பார். லாரி டிரைவருக்கு எப்படி இலை விழுமோ அப்படித்தான் அவளுக்கும். அந்த டிங் வந்துவிட்டால், இது கேட்டு வாங்கிய சோறு இல்லை என்று பிள்ளைக்கு ஒரு நிம்மதி.

சித்திரைப் பௌர்ணமி வந்தது. ஊருக்குள் கால் வைக்க இடமில்லை. அத்தனை பேர் கையிலும் போன். கூட்டம் சேரச் சேர சிக்னல் படுத்துவிட்டது. விடுதியோ அந்த ஒரு நாள் நிரம்பி வழிந்தது, என்னால் நகர முடியவில்லை. கூப்பன் வந்திருக்காதே, பிள்ளை பட்டினியாக நிற்குமே என்று நாள் முழுக்கப் போனை எடுத்து எடுத்துப் பார்த்தேன். போன் போட்டால் போகவில்லை.

அங்கே நடந்தது அக்கா சொல்லித்தான் பின்னால் தெரியும். மகள் மெஸ் வாசலில் போனைத் தூக்கித் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். எதிர்ப் பந்தலில் புளிசாதம் கொடுத்தவர்கள் கூப்பிட்டும் போகவில்லை. அக்கா கூப்பிட்டதற்கும், டிங் வரவில்லை, சாப்பிட மாட்டேன் என்றிருக்கிறாள். அக்கா கரண்டியை எடுத்து மேசைமேல் இருந்த டம்ளரை ஓங்கி ஒரு தட்டு தட்டியிருக்கிறார். வாய் நசுங்கியது அப்போதுதான்.

"அது டம்ளர் சத்தம்" என்றாளாம் மகள்.

"ஆமாண்டி, டம்ளர்தான். உள்ள பாரு, பெங்களூர்க்காரங்க உக்காந்து சாப்புடுறாங்க. அவங்க போன்லருந்தும்தான் பணம் போகல. ஊருக்குப் போய் அனுப்புறோம்னாங்க, சரின்னுட்டேன். அவங்கள நம்புறவ உன்ன நம்ப மாட்டனா? இன்னிக்கு இங்க டம்ளர்தான் டவரு. உக்காரு."

உட்கார்ந்துவிட்டாள்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு, கூட்டத்தில் இடிபட்டு ஒரு செருப்பைத் தொலைத்து, நான் மெஸ்ஸுக்குப் போய்ச் சேர்ந்தேன். மகள் மூலையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். முகத்தைப் பார்த்ததுமே சாப்பிட்டிருக்கிறாள் என்று தெரிந்தது. அப்போதுதான் எனக்கு உயிர் வந்தது. பர்ஸைத் திறந்தேன்.

"டிங் அடிச்சாச்சு. ஒரு மீல்ஸுக்கு ரெண்டு தடவ வாங்குற பழக்கம் எனக்கில்ல" என்றார் அக்கா, சிரிக்காமல்.

பிறகு என்னை உற்றுப் பார்த்து, நீ சாப்பிட்டாயா என்று கேட்டார். லாட்ஜிலேயே ஆயிற்று என்றேன். அவர் கரண்டியை எடுத்து அதே டம்ளரை மறுபடி ஒரு தட்டு தட்டி, "ஒரு மீல்ஸ்" என்று உள்ளே குரல் கொடுத்தார். மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அழுதுகொண்டே சாப்பிட்டேன். ரசம் காரம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

இப்போது அந்த இடத்தில் செல்போன் கடை இருக்கிறது. மகள் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறாள்; சமையல் அவள்தான். போன பௌர்ணமியன்று வேலை முடிந்து அலுத்துப்போய் வந்து சட்டியைத் திறந்து பார்த்தேன். ஒருவருக்குத்தான் காணும் போலிருந்தது. நீ சாப்பிடு, எனக்கு லாட்ஜிலேயே ஆயிற்று என்றேன்.

அவள் சோற்றை இரண்டு தட்டில் பாதிப் பாதியாகப் போட்டாள். மேடையிலிருந்து அந்த டம்ளரை எடுத்துக் கரண்டியால் ஒரு தட்டு தட்டினாள்.

"வந்துடுச்சும்மா, உக்காரு" என்றாள்.