சித்தி எடுத்துவைத்த பன்னிரண்டாவது தட்டு

பன்னிரண்டு எவ்வளவு நல்ல எண்! இரண்டு, மூன்று, நான்கு, ஆறு, எதனாலும் மீதியின்றி வகுபடும்.

இன்று மயிலாப்பூரில் தம்பிக்கு நிச்சயதார்த்தம். சீர்த்தட்டு தூக்க என்னையும் சேர்த்து ஆறு பேர். ஆளுக்கு இரண்டு என்று பன்னிரண்டு தட்டு அடுக்கினேன்.

சித்தி வந்தார். "கணக்கு டீச்சர்தானேடி நீ? இரட்டைப்படையில யாராவது தட்டு வைப்பாங்களா?" லட்டுத் தட்டைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டார்.

மீதி பதினொன்று. பகா எண்!

"உனக்கு மட்டும் ஏன் ஒண்ணு?" என்று ஆரம்பித்த சண்டையில் ஐந்து பேரும் கோபித்துக்கொண்டு செல்ஃபி எடுக்கப் போய்விட்டார்கள்.

பதினொன்றைச் சமமாகப் பிரிக்க இரண்டே வழி. பதினோரு பேர் தூக்க வேண்டும், இல்லையென்றால் ஒரே ஆள்.

அந்த ஒரே ஆள் கைவலியோடு எழுதுகிறேன். பெண் வீட்டார் பதிலுக்கு வைத்திருப்பது பதின்மூன்று தட்டு. அதுவும் பகா எண்தான். என்னோடு தூக்கப் பன்னிரண்டு பேர் வேண்டும். யாரெல்லாம் வருகிறீர்கள்?